தூசு உறிஞ்சியின் மூடிப் பூட்டு



1901இல் இங்கிலாந்தின் ஹியூபர்ட் செசில் பூத் தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது குதிரை வண்டியில் வந்து வீதியில் நிற்கும். நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். இன்று அதே வேலையைச் செய்யும் இயந்திரம் அலுமாரி மூலையில் அடங்கிவிடுகிறது.

உடல் சிறுத்ததால், தூசுப் பை அறையின் மூடிப் பூட்டுக்கும் இடம் சுருங்கியது. பலவற்றில் கொளுக்கி மூடியின் தடிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூடியை அமுக்கும்போது சிறிய வில் பின்வாங்க, கொளுக்கி விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இறப்பர் வளையம் நெருங்கி இடைவெளியை அடைக்கும். அங்கே காற்றுப் புகுந்தால் உறிஞ்சும் விசை குறையும்.

மன்னார் உப்புக்குளம் போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு மணலும் உப்பு ஈரமும் வரும். மணல் வளையத்தில் படிந்தால் மூடி பொருந்தாது. உப்பு ஈரம் உலோக வில்லைத் துருப்பிடிக்கச் செய்யும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியால் வளையத்தையும் வில்லையும் துடையுங்கள்.

மூடி பூட்டவில்லையா? வலிந்து அமுக்காதீர்கள். தூசுப் பை சரியாகப் பொருந்தாவிட்டால் மூடி பூட்டாதபடியே பல இயந்திரங்கள் அமைக்கப்பட்டுள்ளன. முதலில் பையைப் பாருங்கள்.