பேட்டரியைத் தேடி வந்தவர்கள்

2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் வேதியியலுக்கான நோபல் பேருரைகள் நடந்தன. லித்தியம் அயன் பேட்டரிக்காகப் பரிசு பெற்ற மூவரில் மூத்தவரான ஜான் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அந்த வயதில் நோபல் வாங்கியவர் அதற்கு முன் எவரும் இல்லை. அவர் சார்பில் மேடையேறி உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர்.

பிள்ளை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தால், "படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவான்?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. கேட்பதில் தவறில்லை. ஆனால் பொருள் வேதியியலில் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையைப் படித்தால், அவர்களில் பலர் எங்கோ கிளம்பி, வேறெங்கோ திரும்பி, இத்துறையின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்திருப்பது தெரியும்.

குட்இனஃபையே எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் வாசிப்புக் குறைபாட்டோடு போராடியவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் வானிலை கணித்தார். போர் முடிந்து சிகாகோவுக்கு இயற்பியல் படிக்கப் போனபோது, இத்துறையில் சாதித்தவர்கள் எல்லாம் உன் வயதுக்குள் சாதித்துவிட்டார்களே என்று ஒரு பேராசிரியர் சொன்னாராம். அவர் பின்வாங்கவில்லை; 1952இல் முனைவர் ஆனார். அடுத்து எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம். கணினி நினைவகத்துக்கான சிறு காந்த வளையங்களை உருவாக்கும் பணி அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த வளையங்கள் உலோக ஆக்ஸைடால் ஆனவை. உலோகமும் ஆக்ஸிஜனும் எலெக்ட்ரானை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்ற அறிவு அவருக்கு அங்கேதான் ஊறியது. பிற்காலத்தில் பேட்டரிக்குக் கைகொடுத்த மூலதனம் அதுவே.

1976இல், 54 வயதில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைக் கனிம வேதியியல் ஆய்வகத்தின் தலைவராக அழைத்தது. வேதியியலில் பட்டமே இல்லாதவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்த துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டத்தைப் பார்க்காமல் அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று பார்த்திருக்கிறார்கள்.

அதற்குள், பரிசு பெற்ற மூவரில் இன்னொருவரான, பிரிட்டனில் பிறந்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் டைட்டானியம் சல்ஃபைடை வைத்து லித்தியம் பேட்டரி செய்திருந்தார். அது சுமார் 2.5 வோல்ட் தந்தது. சல்ஃபைடுக்குப் பதிலாக ஆக்ஸைடை வைத்தால் வோல்ட் கூடும் என்று குட்இனஃப் கணித்தார். டோக்கியோவிலிருந்து வந்த கோய்ச்சி மிசுஷிமாவும் குட்இனஃப் குழுவின் மற்றவர்களும் அதைச் செய்து பார்த்தார்கள். லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு 4 வோல்ட் தந்தது. 1980இல் கட்டுரை வெளிவந்தது. காப்புரிமைக்குச் செலவிட ஆக்ஸ்ஃபோர்டு முன்வரவில்லை. உரிமை ஹார்வெல் அணுசக்தி ஆய்வகத்துக்குப் போனது. கைபேசியிலும் மடிக்கணினியிலும் அந்தப் பொருள் உலகமெல்லாம் விற்றும் குட்இனஃபுக்கு அதில் பங்குத்தொகை கிடைக்கவில்லை.

மூன்றாமவர் அகிரா யோஷினோ. பள்ளி ஆசிரியை பரிந்துரைத்த ஃபாரடேயின் மெழுகுவத்திச் சொற்பொழிவுகளைப் படித்து வேதியியலில் ஆசை கொண்டவர். கியோட்டோவில் முதுகலை முடித்த கையோடு 1972இல் அசாஹி கசெய் நிறுவனத்தில் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்றதோ 2005இல்தான், பேட்டரி உலகம் முழுக்கப் பரவிய பிறகு. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கை எதிர்மின்முனையாக வைத்துப் பார்த்த அவருக்கு, பொருத்தமான நேர்மின்முனை அகப்படவில்லை. 1982 கடைசியில், வருட முடிவுக்காக ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்து முடித்த ஓய்வில், வாசிக்காமல் கிடந்த ஒரு கட்டுரையை எடுத்தார். அது குட்இனஃப் குழுவின் கட்டுரை. பிறகு பிளாஸ்டிக்கை விட்டுப் பெட்ரோலியக் கரிக்கு மாறினார். அவர் வடிவமைத்த பேட்டரிமேல் இரும்புக் கட்டியைப் போட்டு நசுக்கினார்கள், தீப்பிடிக்கவில்லை. உலோக லித்தியம் வைத்த பேட்டரி அதே சோதனையில் பற்றி எரிந்தது. 1991இல் சோனி இவ்வகைப் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

மந்திரம் இந்தக் கதைக்குள் வந்தது 1980களின் நடுவில். ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபிடம் சேர்ந்து, 1986இல் அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது உடன் போனார். கோபால்ட் விலை அதிகம். மலிவான இரும்பை வைத்தால் வோல்ட் போதவில்லை. இருவரும் வெறும் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக, கந்தகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சல்ஃபேட்டை இரும்போடு இணைத்தார்கள். கந்தகம் ஆக்ஸிஜனின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுக்கிறது. இரும்புக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. அதனாலேயே வோல்ட் ஏறுகிறது. இரும்பு ஆக்ஸைடில் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது, இரும்பு சல்ஃபேட்டில் 3.6 வோல்ட் ஆனது. இளங்கலை மாணவருக்கும் விளங்கக்கூடிய பிணைப்புக் கணக்கு இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பும் இதுதான். இதே வழியில் நடந்து குட்இனஃப் குழு 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டை அறிவித்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் நஞ்சுண்டசாமி, பாதி (Padhi) என்ற இரு இந்தியப் பெயர்களும் உண்டு. இன்று மின்சாரப் பேருந்துகளிலும் பல மின்சாரக் கார்களிலும் இருப்பது அந்தப் பொருள். மந்திரம் டெக்சாஸிலேயே பேராசிரியராகி, கோபால்ட் இல்லாத நேர்மின்முனைகளைத் தேடினார்.

நம் ஊரிலும் இந்த ஆய்வுக்கு இடம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்; அது 1953இல் திறக்கப்பட்டது. லித்தியம் பேட்டரி ஆய்வு அங்கேயும் நடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போக விரும்பும் மாணவருக்கு நம் கல்லூரிகள் ஒன்று செய்யலாம். வேதியியல் மாணவி திடநிலை இயற்பியல் வகுப்பில் உட்காரவும், இயற்பியல் மாணவன் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆக்ஸைடை உலையில் வைத்துத் தயாரித்துப் பார்க்கவும் அனுமதிக்கலாம். பல கல்லூரிகளில் இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ வேண்டியதில்லை; இரண்டு துறைத் தலைவர்கள் உட்கார்ந்து கால அட்டவணையைப் பேசி முடித்தால் போதும்.