வீடும் உடல்நலமும்

பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளிக்கு வீடே தொழிற்கூடம். தரையில் அமைத்த குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, அவர் பட்டு நெய்கிறார். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும். ஈரச் சுவரில் பூஞ்சை படர்ந்தால் மூச்சிரைப்பு மிகும். சாளரமற்ற சிற்றறையில் பலர் நெருங்கி வாழின், ஒருவர் இருமலால் வெளிப்படும் காசநோய்க் கிருமி மற்றவரை எளிதில் பற்றும். இக்காரணம்பற்றியே உலகச் சுகாதார நிறுவனம், 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், வீட்டு நெரிசலைக் குறைக்குமாறு வற்புறுத்தியது.

ஏழையர் தம் பொருளால் நல்வீடு கட்டுதல் அரிது. ஆதலின் தமிழக அரசு 1970-இல் குடிசை மாற்று வாரியத்தை நிறுவியது. 2021-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஓலைக் குடிசையில் தீக்கும் மழைக்கும் அஞ்சி வாழ்ந்தோர்க்கு உறுதியான அடுக்குமாடி வீடு பெரும்பேறே.

ஆயினும், சுவரும் கூரையும் மட்டுமே வீடாகா. மாடியில் குழி தோண்ட இயலுமோ? நெசவாளிக்கு அவ்வீடு உறையுளாகுமேயன்றித் தொழிலிடமாகாது. தொழில் நின்றால் உணவு குறையும். உணவு குறைந்தால் நோய் புகும்.

ஆகவே, வீடு வழங்குவோர் காற்று, ஒளி, நன்னீர், கழிவுநீர்ப் போக்கு என்பனவற்றோடு, அங்கு வாழ்வோரின் தொழிலையும் எண்ணிக் கட்டுதல் வேண்டும். அத்தகைய வீடே நோய் வருமுன் காக்கும் மருந்தாகும்.