எலிக்கு ஓட இடமுண்டு

நஞ்சு உடலை என்ன செய்யும் என்பதை நஞ்சின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, உடலின் சூடும் தீர்மானிக்கிறது. ஓர் அமெரிக்க விஞ்ஞானியின் எலி ஆராய்ச்சி, நம் வயல்களில் மருந்தடிப்பவர்களைப் பற்றியும் யோசிக்க வைக்கிறது.

நீளமான ஒரு பெட்டி. ஒரு முனையில் குளிர்ச்சி, மறுமுனையில் சூடு. உள்ளே விடப்பட்ட சுண்டெலி அங்குமிங்கும் ஓடிப் பார்த்துவிட்டுக் கதகதப்பான ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. அதன் உடலில் நிக்கல் உப்பைச் செலுத்தினால் காட்சி மாறுகிறது. உடல் வெப்பம் மளமளவென்று சரிகிறது. குளிர்ந்துபோன உயிர் சூட்டைத்தானே தேட வேண்டும்? எலியோ குளிர்ந்த முனைக்குப் போகிறது.

இந்த விசித்திரத்தைத் துருவி ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் கோர்டன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் வட கரோலினா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். உடல் வெப்பத்துக்கும் நச்சுக்கும் உள்ள உறவைப் பற்றி 2005ல் தனிப் புத்தகமே எழுதினார்.

எலியின் நடத்தைக்கு அவர் தரும் விளக்கம் சுவாரசியமானது. காய்ச்சல்காரர் உடம்பு கொதிக்கும்போதே போர்வை கேட்பார். காரணம், மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தன் அளவை உயர்த்திக்கொண்டிருக்கிறது. நச்சுண்ட எலியில் நடப்பது இதன் மறுபக்கம். அதன் மூளை அளவைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே அது குளிரைத் தேடுகிறது.

இதில் லாபம் உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பலவற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நஞ்சு செய்யும் சேதமும் மெதுவாகும். அந்த எலியைச் சூடான அறையில் அடைத்துவைத்தால் இந்தத் தற்காப்பு கைகொடுக்காது. பல நச்சுகளில், குறைந்த அளவே உயிரைக் குடித்துவிடுகிறது.

சிக்கல் மனிதனிடம் வருகிறது. சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். எனவே சீக்கிரம் குளிர்ந்துவிடும். 60 கிலோ மனிதனின் உடல் அப்படிச் சட்டென்று குளிராது. போதாததற்கு, ஆய்வுக்கூடங்களை வழக்கமாக 22 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறார்கள். சுண்டெலிக்கு இதமான வெப்பம் சுமார் 30 டிகிரி. அதாவது, நமக்குச் சுகமான அறை அதற்குக் குளிர். உடல் வெப்பத்தை இழப்பது அங்கே எளிது. அந்த எலி தாங்கிய அளவை வைத்து மனிதனின் பாதுகாப்பைக் கணக்கிட்டால், கணக்கு தவற வாய்ப்புண்டு.

குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியைப் பெரிய எலிகளுக்குக் கொடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வயிற்றுக்குள் பொருத்திய சிறிய ரேடியோ கருவி இரவும் பகலும் வெப்பத்தைப் பதிவு செய்தது. முதலில் உடல் குளிர்ந்தது. மறுநாளுக்குப் பிறகு, பகல் நேரங்களில் காய்ச்சல் கண்டது. இந்த வகை மருந்தால் பாதிக்கப்பட்ட மனிதர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதும் காய்ச்சலைத்தான்.

அந்த மனிதர்கள் நம் நாட்டில் குறைவில்லை. தமிழில் ‘மருந்து’, இந்தியில் ‘தவா’ என்று நல்ல பெயர் சொல்லித்தான் விவசாயிகள் இந்த விஷத்தைத் தோளில் சுமக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017ல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன; அடித்த மருந்து முகத்திலும் உடம்பிலும் விழுந்தது.

அந்தச் சாவுகளுக்கு வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெயில் என்ன செய்யும் என்பது தெரிந்த விஷயம். உடல் சூடேறினால் தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்கிறது, வியர்வை பெருகுகிறது. இரண்டும் மருந்து தோல் வழியே உள்ளே போக உதவுகின்றன. மூச்சு வேகமானால் மூக்கின் வழியாகவும் கூடுதலாகப் போகிறது.

கையுறை, முகமூடி, முழு உடை அணியுங்கள் என்கிறது மருந்து டப்பாவில் ஒட்டிய தாள். சரியான யோசனைதான். ஆனால் அந்த உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. நஞ்சைத் தடுக்கும் உடை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கிறது. உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்த்தால் கூலியாள் ஏன் கழற்றிப் போடுகிறார் என்பது புரியும். அவரை அலட்சியக்காரர் என்பதைவிட, வெயில் தாழ்ந்த நேரத்தில் மட்டும் மருந்தடிக்கச் சொல்வதும், நடுவே நிழலும் தண்ணீரும் சோப்பும் தருவதும், நம் வெப்பத்துக்கேற்ற உடையைக் கேட்டுப் பெறுவதும் உபயோகமானவை.

கோர்டனின் எலிக்குப் பெட்டியில் குளிர்ந்த முனை ஒன்று இருந்தது. பருத்திக் காட்டில் நிற்பவருக்கும் அப்படி ஓரிடம் வேண்டும்.