புது மீனை உடனே தொட்டியில் விடலாமா?

வார இறுதியில் மீன் கடைக்குப் போகிறீர்கள். நீலமும் சிவப்புமாக மின்னும் நியோன் டெட்ரா மீன்கள் ஆறு வாங்குகிறீர்கள். பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, மீன்களை உள்ளே விட்டுவிடுகிறீர்கள்.

'நல்லாத்தானே நீந்துது!'

சில நாள்களில் வாலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். புது மீன்களில் மட்டுமல்ல, மூன்று ஆண்டாக வளர்த்த பழைய மீன்களிலும்!

கடையில் ஏன் தெரியவில்லை?

இது வெண்புள்ளி நோய். மீன் வளர்ப்போர் 'இக்' என்பார்கள். காரணம் ஓர் ஒட்டுண்ணி. அது செவுளுக்குள் இருந்தால் வெளியே தெரியாது.

மீனின் தோலுக்கடியில் வளரும் ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் கழன்று தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும். மருந்து அதைக் கொல்வது அந்த நீந்தும் கட்டத்தில்தான். புள்ளி மறைந்ததும் 'சரியாயிடுச்சு' என்று மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருவது அதனால்தான்.

சிங்கப்பூரின் வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தச் சுழற்சி ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். எனவே புது மீனைக் குறைந்தது 2 வாரம் தனியாக வையுங்கள். 4 வாரம் என்றால் இன்னும் நல்லது.

வீட்டில் இடமில்லையே?

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த்துண்டு போடுங்கள். வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

பலர் கோட்டைவிடுவது வடிகட்டியில்தான். புத்தம்புது வடிகட்டியில் நல்ல பாக்டீரியா இருக்காது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே மீனைக் கொன்றுவிடும், பாவம். ஸ்பாஞ்சு வடிகட்டியைச் சில வாரம் முன்பே பழைய தொட்டியில் போட்டு வையுங்கள்.

தண்ணீரை ஒரு ராத்திரி வைத்தால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். இங்குக் குழாய்நீரில் இருப்பது குளோரமின். அது அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது. குளோரமினையும் நீக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்.

வலை, வாளி இரண்டும் தனி. உணவு போடும்போது பழைய தொட்டிக்கு முதலில், புது மீனுக்குக் கடைசியில். ஈரக் கையிலும் நோய் தாவும்.

செடி வாங்கினாலும் கவனம். அதிலும் ஒட்டுண்ணி ஒட்டி வரலாம். மீன் இல்லாத வாளியில் ஒரு வாரம் வைத்தால், தங்க மீன் கிடைக்காமல் அது செத்துவிடும்.