உங்களுக்குத் தெரியுமா? வாட்டை மட்டும் பார்த்து அம்பிளிபயர் வாங்காதீர்கள்!

பதுளைப் பக்கத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால், குழாய் ஒலிபெருக்கியின் பாட்டு எதிர்மலை வரை கேட்கும். அது அம்பிளிபயரின் பலத்தால் மட்டுமல்ல!

● 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். குழாய்க்கு அது சுமார் 105 டெசிபல். சிறிய வீட்டு ஸ்பீக்கருக்குச் சுமார் 85. இந்த 20 டெசிபலை ஈடுகட்ட 100 மடங்கு வாட் வேண்டும்!

● வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற, ஏறக்குறைய 10 மடங்கு வாட் தேவை.

● 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க, சராசரியாக 1 வாட்கூடச் செலவாகாது.

● ஆனால் தப்பின் ஒவ்வோர் அடியும் கணநேரத்தில் சராசரியைப் போல் 10 மடங்குக்கு மேல் பாயும். தாளப் பிரியர்கள் 30, 40 வாட் வைத்துக்கொள்வது நல்லது. மெல்லிய வீணைக்கு அதில் பாதியே தாராளம்.

● 8 ஓமுக்கு மட்டுமே உரிய அம்பிளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்; சூடேறிப் பழுதாகலாம்.

● சிறிய அம்பிளிபயரை முழுதாகத் திருகினால் ஒலியலையின் முனை வெட்டுப்படும். முதலில் கருகுவது பெரும்பாலும் ட்வீட்டர்தான்.

எத்தனை வாட் வாங்கினாலும், லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் சுவர் ஒன்றுதான்!