நொய்கெல்னில் பிறந்த "தேசத்தின் தாய்"



கார்ல் மார்க்ஸ் வீதிக்குச் சாமான் வாங்கப் போய்வரும் எங்களில் பலருக்கு, யேர்மனியின் வீடுகளெல்லாம் அறிந்திருந்த ஒரு நடிகை இந்தப் பகுதியில்தான் பிறந்தார் என்பது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பெயர் இங்கெ மைசெல். (டொய்ச்காரர் சொல்லும்போது எங்கள் 'இங்க' மாதிரித்தான் கேட்கும்!) 1910 மே 30இல் பிறந்தார். அப்போது இவ்விடத்தின் பெயர் றிக்ஸ்டோர்ப்; 1912இல்தான் நொய்கெல்ன் ஆனது.

தந்தை யூதர், புகையிலை வியாபாரி. தாய் டென்மார்க்கைச் சேர்ந்தவர். மகள் 1930இல் மேடையேறினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் "அரை யூதர்" என்று நடிக்கத் தடை விழுந்தது. டான்சிக் நகருக்குப் போனார், பின்னர் ஹம்பேர்க். தந்தை ஒளிந்திருந்து உயிர் தப்பினார்.

நான் கணக்காளன். யாருடைய கதையைப் படித்தாலும் வருடங்களைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம். 23 வயதிலிருந்து 35 வரை 12 வருடங்கள். ஒரு நடிகைக்கு அவை எப்படிப்பட்ட வருடங்கள்! வரவுப் பக்கத்தில் பூச்சியம். 1998இல் வணிகப் பட்டத்தோடு வந்து, வேலை அனுமதியில்லாமல் அகதிகள் விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அவருக்கிருந்த உயிராபத்து எனக்கு இங்கே இருக்கவில்லை. ஆனால் தெரிந்த தொழிலைச் செய்யவிடாமல் உட்கார்த்தி வைப்பது என்னவென்று தெரியும்.

போர் முடிந்தபின் ஹம்பேர்க் தாலியா நாடக அரங்கில் மீண்டும் தொடங்கினார். பெரும் புகழ் வந்தது ஐம்பதை நெருங்கும்போதுதான். பேர்லின் ஹெபல் அரங்கில் ஒரு நாடகம். பிள்ளைகளை எப்படியாவது முன்னேற்றிவிட வேண்டும் என்று தலைகீழாக நிற்கும், குடியிருப்பொன்றின் வாசற்காவல்காரப் பெண்ணின் வேடம். எங்கள் வீடுகளிலும் இப்படி அம்மாமார் இல்லையா?

பிறகு தொலைக்காட்சி. "டீ உன்ஃபெர்பெசர்லிஷன்" (திருத்தமுடியாதவர்கள்) என்ற தொடரில் கெத்தெ ஷோல்ட்ஸ் என்ற தாயாக நடித்தார். 1965 முதல் 1971 வரை மொத்தமே ஏழு பாகங்கள். வருடத்துக்கு ஒன்று, அதுவும் அன்னையர் தினத்தில்! தினமும் சீரியல் பார்க்கும் எங்களுக்கு இது புதினம்தான். "தேசத்தின் தாய்" என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கோ பிள்ளைகள் இல்லை.

திரையில்தான் அந்த அம்மா. நேரில் வாயடக்கம் தெரியாதவர். பெண்களை இழிவுபடுத்தும் அட்டைப்படங்களுக்காக 1978இல் "ஷ்டேர்ன்" சஞ்சிகைக்கு எதிராக வழக்குத் தொடுத்த பெண்களில் அவரும் ஒருவர். வழக்குத் தோற்றது. 1981இல் அரசு விருது தேடி வந்தபோது, ஒழுங்காக வாழ்ந்ததற்கு ஒரு பதக்கமா என்று கேட்டு மறுத்துவிட்டார்.

தொண்ணூறு கடந்தும் நடித்தார். "போலிட்சைரூஃப் 110" தொடரில் அவர் நடித்த பாகம் 2004இல் ஒளிபரப்பானது. அதே வருடம் யூலை 10இல், 94ஆவது வயதில், ஹம்பேர்க்குக்கு அருகே காலமானார்.