வெப்ப அலையிலிருந்து உயிர்களைக் காக்கும் மாநகராட்சித் திட்டம்: அகமதாபாத் அனுபவம் சொல்வது என்ன?

2010ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. வெள்ளத்தைப் போலவோ புயலைப் போலவோ கண்ணுக்குத் தெரியும் சேதம் எதையும் அந்த வெப்ப அலை விட்டுச் செல்லவில்லை. ஆனால் இறப்புப் பதிவுகளைப் பின்னர் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, அதற்கு முந்தைய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இதே மாதத்தில் இருந்த நிலையைக் காட்டிலும் 2010 மே மாதத்தில் 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்திருப்பது தெரியவந்தது.

இதன் விளைவாக 2013ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த முதல் வெப்பச் செயல்திட்டம் இதுவே. பின்னர் நாட்டின் பல நகரங்களும் மாநிலங்களும் இதை முன்மாதிரியாகக் கொண்டன. 2025ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாநகராட்சிகளின் பொறுப்பைக் கூட்டியுள்ள நிலையில், ஓர் உள்ளாட்சித் திட்டம் எப்போது உயிர்களைக் காக்கிறது, எப்போது வெறும் ஆவணமாக நின்றுவிடுகிறது என்ற கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

கணக்கில் வராத மரணங்கள்

வெப்பத்தால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை அப்படிப் பதிவாவதில்லை. கடும் வெப்பத்தில் உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது, உடலின் நீர்ச்சத்து குறைகிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. ஏற்கெனவே நோயுற்றிருக்கும் முதியவர் ஒருவர் இந்நிலையில் உயிரிழந்தால், சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ குறிப்பிடப்படுகிறது. நேரடியாக வெப்பவாதத்தால் இறந்தவர்கள் மட்டுமே வெப்பத்தின் கணக்கில் சேர்கின்றனர்.

எனவே மருத்துவமனைகள் தெரிவிக்கும் வெப்பவாத மரணங்களை மட்டும் நம்பியிருக்கும் நகர நிர்வாகத்துக்குத் தன் ஊரில் பேரிடர் நிகழ்ந்ததே தெரியாமல் போகக்கூடும். வழக்கமான ஆண்டுகளின் மொத்த இறப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அகமதாபாத்தில் உண்மை நிலவரம் வெளிப்பட்டது.

மூன்று நிறங்கள், தெளிவான பொறுப்புகள்

காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் இணைந்து மாநகராட்சி இத்திட்டத்தை உருவாக்கியது. எந்த வெப்பநிலையைத் தாண்டும்போது நகரில் இறப்புகள் உயர்கின்றன என்பதை உள்ளூர்த் தரவுகளிலிருந்து கணித்து, அதற்கேற்ப எச்சரிக்கை அளவுகள் நிர்ணயிக்கப்பட்டன. வெப்பநிலை 41.1 முதல் 43 டிகிரி வரை இருக்கும் என்று கணிக்கப்பட்டால் மஞ்சள் எச்சரிக்கை, 43.1 முதல் 44.9 டிகிரி வரை ஆரஞ்சு எச்சரிக்கை, 45 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்பு எச்சரிக்கை என வகுக்கப்பட்டது.

எச்சரிக்கை வெளியானதும் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திட்டம் வரையறுத்துள்ளது. மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரி எல்லாத் துறைகளுக்கும் தகவல் அனுப்ப வேண்டும். சுகாதார மையங்கள் ஓஆர்எஸ் பொட்டலங்களையும் மருந்துகளையும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ்கள் தயார் நிலையில் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களைத் திறப்பது, கைபேசிக் குறுஞ்செய்திகள் வழியாக மக்களை எச்சரிப்பது, திறந்த வெளியில் உழைப்போரின் வேலை நேரத்தை மாற்றுமாறு அறிவுறுத்துவது ஆகியனவும் இதில் அடங்கும்.

பணிகள் கோடையோடு முடிவதில்லை. கோடைக்கு முன் பயிற்சியும் ஆயத்தமும், கோடையில் எச்சரிக்கையும் செயல்பாடும், கோடை முடிந்தபின் மதிப்பீடும் என மூன்று கட்டங்களாக அவை ஆண்டுதோறும் தொடர்கின்றன.

மேல்தளத்தில் இருந்த பச்சிளங்குழந்தைகள்

செலவு குறைந்த மாற்றம்கூடப் பெரும் பலன் தரும் என்பதற்கு நகரின் மருத்துவமனை ஒன்று சான்றாக உள்ளது. 2010 கோடையில் அங்கு வெப்பத்தால் பாதிக்கப்பட்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. பிரசவப் பிரிவு கட்டடத்தின் மேல்தளத்தில், வெயிலை நேரடியாக வாங்கும் கூரைக்குக் கீழே இயங்கி வந்தது. அப்பிரிவு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்ட பின்னர், வெப்ப பாதிப்பால் அனுமதிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

குடிசைப் பகுதிகளில் தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் கீழே வாழும் குடும்பங்களுக்குக் கீழ்த்தளம் என்ற ஒன்று இல்லை. அதனால் 2017இல் மாநகராட்சி குளிர்கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறப் பூச்சைக் கூரையின் மீது பூசும் இம்முறையில் வீட்டினுள் வெப்பம் சில டிகிரி குறைகிறது. தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

பலன் கிடைத்ததா?

திட்டத்துக்கு முந்தைய 2007–2010 காலத்தையும், பிந்தைய 2014–2015 காலத்தையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டுள்ளது. 2018இல் வெளியான இந்த எண்ணிக்கை ஒரு மதிப்பீடே. மேலும் கீழுமாகப் பெரிய இடைவெளிக்கு அதில் இடமுண்டு. எனினும், அதிக வெப்பம் பதிவான நாட்களில் இறப்புகள் முன்பு போல் உயரவில்லை என்பதை ஆய்வு சுட்டிக்காட்டியது. 2016 மே மாதம் நகரின் வெப்பநிலை 48 டிகிரியை எட்டியது என்பதைக் கருதும்போது இத்தகைய ஆயத்தத்தின் தேவை விளங்கும்.

நகலெடுத்தால் போதாது

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெப்பச் செயல்திட்டங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதையொட்டிப் பல திட்டங்கள் உருவாகின. ஆனால், டெல்லியைச் சேர்ந்த கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களின் 37 திட்டங்களை 2023இல் ஆராய்ந்தபோது முக்கியக் குறைகள் தெரியவந்தன. எந்தப் பகுதியில் எந்த மக்கள் அதிக ஆபத்தில் உள்ளனர் என்ற மதிப்பீட்டை இரண்டு திட்டங்கள் மட்டுமே மேற்கொண்டிருந்தன. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பேசியவை 11 மட்டுமே. அவற்றிலும் எட்டுத் திட்டங்கள், அந்தந்தத் துறைகளே தங்கள் நிதியிலிருந்து ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்று கூறியிருந்தன.

அகமதாபாத்தின் எச்சரிக்கை அளவு அந்நகரின் இறப்புத் தரவுகளிலிருந்து பிறந்தது. ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரில் அதைவிடக் குறைந்த வெப்பநிலையே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே ஒரு நகரின் திட்டத்தைப் பெயர் மாற்றி மற்றொரு நகரம் ஏற்பதால் பயன் விளையாது.

சட்டமும் நிதியும்

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, வளங்களைத் தயாராக வைத்திருப்பது போன்ற கடமைகளை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 2025ஆம் ஆண்டின் திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களை மாநில அரசுகள் அமைக்க வழிவகுத்தது. டெல்லிக்கும் சண்டிகருக்கும் இது பொருந்தாது. மாநகராட்சி ஆணையர் இதன் தலைவராகவும் மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவராகவும் இருப்பர்.

அதிகாரம் தெளிவானாலும் நிதிச் சிக்கல் எஞ்சியுள்ளது. 15ஆவது நிதி ஆணையத்தின் 2021–26 காலகட்டத்தில், பேரிடர் நிவாரண நிதிக்குத் தகுதியான தேசியப் பட்டியலில் வெப்ப அலை இடம்பெறவில்லை. மாநிலங்கள் தங்கள் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற விதியையே நம்ப வேண்டியிருந்தது.

அகமதாபாத் தொடக்கத்தில் மேற்கொண்ட பணிகள் பலவற்றுக்குப் பெரும் நிதி தேவைப்படவில்லை. இறப்புகளை முறையாக எண்ணியது, எச்சரிக்கை அளவை நிர்ணயித்தது, பொறுப்பான அதிகாரி ஒருவரை நியமித்தது, ஒரு பிரசவப் பிரிவைக் கீழே இறக்கியது ஆகியவையே அவை. கூரைகளைக் குளிர்விப்பதற்கும் நிழல் தரும் மரங்களை வளர்ப்பதற்கும் நிரந்தர நிதி தேவை. புதிய நகர்ப்புற ஆணையங்கள் முதல் வகைப் பணிகளை உடனடியாகத் தொடங்க முடியும். இரண்டாம் வகைப் பணிகள் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுகின்றனவா என்பதைப் பொறுத்தே அவற்றின் வெற்றி அமையும்.